இலட்சிய இதயத்தைக் காப்பாற்றிய துறை

ஒரு நகரத்தின் பெருமை அதன் கோட்டையிலும் கோபுரத்திலும் இருப்பதாக நினைப்பவர்கள் விவரம் அறியாதவர்கள். அது குடிமக்களின் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது. இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்து, அதற்கொரு குழு அமைத்து, குழுவுக்குக் குளிர்சாதன அறையும் ஒதுக்கிய புகழ் நகரச் சுகாதாரத் துறையையே சேரும்.

புகை கூடாது, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அளவோடு இருக்க வேண்டும், சாப்பாடு சத்தாக இருக்க வேண்டும், உடம்பு அசைய வேண்டும். இத்தனையும் பொருந்தினால்தான் 'இலட்சிய இதயம்'. நகரத்தில் வயது வந்தவர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். ஆளுக்கு ஒன்றில் கோட்டை விட்டார்கள். துறை இயக்குநர் எல்லாவற்றிலும் விட்டார். தேறியது ஒரே ஒருவர்: வீடு வீடாக நடந்து, மாடி மாடியாக ஏறிக் குடிநீர் மீட்டர் பார்ப்பவர்.

"ஒருத்தர்தானா?" என்று துணை இயக்குநர் முகம் சுளித்தார்.

"பக்கத்து ஊர்ல அதுவும் இல்லையாம்யா!" என்று பூரித்தார் இயக்குநர். "இந்த இதயத்தைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தணும்."

காப்பாற்றினார்கள். வெயிலில் நடந்தால் இலட்சியத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மீட்டர்காரருக்கு ஒரு கார் வந்தது. படியேறினால் தேய்ந்துவிடும் என்று லிஃப்டுக்குப் பக்கத்து அறை வந்தது. அதில் ஒரு சுழல் நாற்காலியும், 'இதயத் தூதர்' என்ற பலகையும் இருந்தன. காலையிலிருந்து மாலை வரை அவர் கூட்டங்களில் உட்கார்ந்து, நடப்பதன் நன்மையைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேக்கும் பொரித்த பலகாரமும் வந்தன. தூதர் வேண்டாம் என்றால் துறைக்கு அவமானம் என்பதால், அவர் துறையின் மானத்தை மென்று விழுங்கினார்.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இவர் குந்தித் தின்றதில் சட்டைக்குள் ஒரு குன்று புதிதாக முளைத்தது.

"என்னங்க, செருப்பு மாட்டக் குனிஞ்சாலே மூச்சு வாங்குது உங்களுக்கு," என்றாள் மனைவி. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி பண்ணிட்டாங்களே! எனக்குப் பயமா இருக்கு. பழைய வேலையைக் கேட்டு வாங்குங்க."

அவருக்கும் பயம்தான். நேராக இயக்குநரிடம் போனார்.

"சார், நான் நடக்கணும்."

"எங்கே?"

"எங்கேயாவது சார். சும்மா தெருவுல."

இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "தெருவுலயா? ஏதாவது வண்டி மோதினா? நகரத்துக்கே இருக்கறது ஒரே இதயம்யா! பொறுப்பா பேசுங்க. உக்காருங்க, டீ சொல்றேன்."

டீயோடு கேக்கும் வந்தது.

மறுசோதனை நாள் வந்தது. மேலிடத்துப் பார்வையாளர்கள் மறுநாள் வருவதாக ஏற்பாடு. நர்ஸம்மா பட்டையை மீட்டர்காரர் கையில் சுற்றிக் காற்றடித்து அளவைப் பார்த்தார். அவிழ்த்து மறு கையில் சுற்றிப் பார்த்தார்.

"மெஷின் ரிப்பேரா?" என்று மிரட்டினார் துணை இயக்குநர்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல சார். இவருக்குத்தான். பிரஷர் எக்கச்சக்கம். இன்னிலேர்ந்தே மாத்திரை போடணும். சர்க்கரையும் ஏறியிருக்கு."

 மீட்டர்காரருக்குத் தன் இரண்டு பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. அவசரக் கூட்டம் கூடியிருந்தது.

"போன வருஷம் இலட்சியம்னு எதைக் காட்டினோம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"இவர் இதயத்தைத்தான் சார்."

"இப்ப அது மாறியிருக்கு. அப்படின்னா?"

துணை இயக்குநர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "இலட்சியமும் மாறணும் சார்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மீட்டர்காரரின் இன்றைய எடையே இலட்சிய எடை. அவரது இன்றைய அழுத்தமே இலட்சிய அழுத்தம். புகை விதியில் மட்டும், 'மாடிப்படியில் நின்று பிடிப்பது கணக்கில் சேராது' என்று இயக்குநர் ஒரு சிறு திருத்தம் சேர்த்தார். மாலைக்குள் நகரத்தில் எல்லோருக்கும் இலட்சிய இதயம் வந்துவிட்டது. இயக்குநருக்கும் வந்தது.

மறுநாள் விழா மேடையில் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். மூன்று படி ஏறியதற்கே இரைத்துக்கொண்டிருந்த மீட்டர்காரர், இயக்குநரின் காதோரம் குனிந்தார்.

"சார், இப்பதான் எல்லாருக்கும் வந்துடுச்சே. இனிமே என்னை நடக்க விடுங்க சார்."

"பைத்தியமாய்யா உனக்கு?" என்று பல்லைக் கடித்தார் இயக்குநர். "நடந்தா இளைச்சுடுவே. இளைச்சா, இந்த ஊர்லயே இலட்சிய இதயம் இல்லாத ஆள் நீ ஒருத்தன்தான். துறையோட மானம் என்னாகறது?"

ஒரு மாத்திரைகூடச் செலவழிக்காமல் ஒரு நகரத்தையே குணப்படுத்திய துறை உலகில் வேறெங்கும் இல்லை. மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது, அதுவரை நன்றாக இருந்த ஒருவர் மட்டும்தான்.