அறுபத்தெட்டு கிலோ வெல்லம்

பொறாமைப்படுவதில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. எடையிலும் அப்படித்தான்.

லிங்கராஜபுரத்தில் எனக்குப் பழைய பேப்பர் கடை. நாள் முழுக்கத் தராசோடுதான் பிழைப்பு. ஐம்பது கிராம் குறைந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் என் எடையைத் தப்பாகச் சொல்லி நடுக்கோயிலில் மாட்டிக்கொண்டேன்.

எல்லாம் என் சகலை சேகரால் வந்தது. என் மனைவி வசந்தாவின் தங்கை கோமதியின் கணவர். பொம்மனஹள்ளியில் துணி கம்பெனி சூப்பர்வைசர். நூறு கிலோ இருந்தவர், டிவியில் உடம்பு குறைக்கும் போட்டிக்குப் போய் அறுபத்தெட்டில் வந்து நின்றார். கடைசி நாள், பழைய பேண்டின் ஒரே காலுக்குள் தன் இரண்டு காலையும் விட்டுக் காட்டினார். வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (நான் டெங்குவில் கிடந்தபோதுகூட இவ்வளவு துடைக்கவில்லை.) அந்தக் காட்சியைத் தினமும் போனில் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

அந்த டெங்குவின்போது அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். நான் பிழைத்தால் அம்மன் கோயிலில் துலாபாரம். எடைக்கு எடை வெல்லம். அதைச் செலுத்தப் போகிற வாரம், சேகரும் கோமதியும் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டாள்.

"ஏங்க, உங்க வெயிட்டு எவ்ளோ? வெல்லத்துக்குச் சொல்லணும்."

அன்று காலைதான் கடைத் தராசில் ஏறிப் பார்த்திருந்தேன். எண்பத்துநாலு. சேகர் சர்க்கரை இல்லாத டீயை உறிஞ்சியபடி என்னையே பார்த்தார்.

"அறுபத்தெட்டு" என்றேன்.

"அண்ணா, நாம ரெண்டு பேரும் ஒரே வெயிட்டா!" என்று கை கொடுத்தார்.

நான்கு நாளில் பதினாறு கிலோவைக் கழித்துவிடலாம் என்று நம்பினேன். (ஐந்தாவது வரை படித்தவன், கழித்தல் நன்றாக வரும்.) இரண்டு நாள் வெள்ளரிக்காய். மூன்றாம் நாள் தொன்னை பிரியாணி.

கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தராசுத் தட்டில் சம்மணம் போட்டேன். எதிர்த் தட்டில் மூட்டை மூட்டையாக வெல்லம் ஏறியது. கடைசி மூட்டையும் ஏறியது. நான் தரையை விட்டு எழும்பவே இல்லை.

"இன்னும் பேக்கும்மா" என்றார் பூசாரி, இன்னும் வேணும் என்பதைக் கன்னடத்தில்.

"அவ்ளோதான் சாமி, கரெக்டா அறுபத்தெட்டு. தராசு ரிப்பேரா?"

"இது அம்மன் தராசும்மா. ரிப்பேரெல்லாம் ஆகாது."

வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "அவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார். (பிடித்தேன். பிரயோஜனம் இல்லை.)

வசந்தா என் தட்டருகே குனிந்தாள். "வேண்டுதல் பாதில நின்னா உங்களுக்குத்தான் ஆகாது. நெஜத்தைச் சொல்லுங்க."

"எண்பத்துநாலு" என்றேன், எனக்கே கேட்காத குரலில். வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது.

சேகர்தான் ஓடினார். எதிர்க்கடையில் பதினாறு கிலோ வெல்லம் வாங்கித் தோளில் வைத்துப் படியேறி வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை. (அதைப் பார்த்து அப்போதும் வயிறு எரிந்தது.) "டிவில வந்தாரே, அவரு!" என்று கூட்டம் மொய்த்தது. செல்ஃபி முடியும்வரை வெல்லம் அவர் தோளிலேயே இருந்தது. நான் தரையிலேயே இருந்தேன். எல்லா செல்ஃபியிலும் அவருக்குப் பின்னால் சட்டையில்லாமல் நான்.

ஒருவழியாக வெல்லம் ஏறி, நான் எழும்பினேன். வசந்தா எனக்காகவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

அன்றிலிருந்து, "வழியில டிராஃபிக்" என்று நான் சொன்னால்கூட, "வெல்லம் வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்கிறாள்.

போன மாதம் சேகர் வீட்டுக்குப் போனோம். அவர் சட்டையின் வயிற்றுப் பட்டன் மிகவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

"அதே அறுபத்தெட்டுதாண்ணா" என்றார், நான் கேட்காமலே.

எனக்குக் கூச்சம். யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கோமதி டீ கொண்டுவந்து, "சர்க்கரை போதுமா மாமா?" என்றாள்.

"வெல்லம் இருக்காம்மா?" என்றேன்.

வீடே சிரித்தது. சேகர் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.