லெபோனாவின் பன்னிரண்டு மாடுகள்

இந்த வசந்தத்தில் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று லெபோனா சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுக்க முடியாதபடி மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மஃபெதெங் ஊரில் செப்டம்பரோடு வசந்தம் பிறந்துவிட்டால் ஆம்பிளைகளை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. குளிர்காலம் முழுக்கக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பீச் மரம் பூத்ததும் எழுந்து வந்துவிடுவார்கள். கடைத்தெரு முனையில் பெரிய பீச் மரம் ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு தட்டைக் கல், கல்லில் செதுக்கிய கோடுகள். மொரபரபா ஆடும் இடம் அதுதான். ஆளுக்குப் பன்னிரண்டு கூழாங்கல். கூழாங்கல் என்று சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். அவை மாடுகள். மூன்று மாடு ஒரே கோட்டில் சேர்ந்து நின்றால் எதிராளியின் மாடு ஒன்று சாகும். மழை இறங்கி விதைப்பு ஆரம்பிக்கிற வரைக்கும்தான் இந்தச் சுகம். அதற்குள் கிடைக்கிற சனிக்கிழமைகளை விட்டால் அடுத்த வருஷம்தான்.

லெபோனாவின் மாடுகள் கன்னங்கரேலென்று இருக்கும். ஆற்றுப் படுகையில் அலைந்து பொறுக்கியவை. புகையிலைப் பையில் போட்டு அலமாரியில் வைத்திருப்பார். பிறந்த நாள் மறந்துபோகும், கல்யாண நாள் மறந்துபோகும், மாடுகளுக்கு எண்ணெய் தடவ மட்டும் மறக்காது. போன வசந்தத்தின் கடைசி ஆட்டத்தில் மினிபஸ் ஓட்டும் மொகேத்தி இந்த மாடுகளில் பத்தைக் கொன்று, ஊர் பார்க்க அவரைத் தோற்கடித்துவிட்டான். அந்த வலியோடுதான் லெபோனா ஒரு குளிர்காலத்தைக் கடத்தினார். இந்த வருஷம் பழி தீர்க்க வேண்டும். அதற்குச் சனிக்கிழமைகள் வேண்டும். குறுக்கே நின்றது ஒரு தோட்டம்.

முதல் சனிக்கிழமை ஆட்டம் சூடுபிடித்திருந்தபோது கல்லின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"பலேசா அப்பா."

லெபோனா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களைத்தான். தோட்டம் கட்டாந்தரையாக் கெடக்கு. பக்கத்து வீட்டுல உருளைக்கிழங்கே போட்டாச்சு. நாம எப்பக் கொத்துறது?"

"தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்காதே."

கல்யாணமான நாளிலிருந்து மனைவி மாபலேசாவிடம், அதாவது மகள் பலேசாவின் அம்மாவிடம், அவர் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். அவள் தள்ளி நின்றாள். ஆனால் போகவில்லை. கழுத்தை நீட்டிக் கல்லையே பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஓரத்து மாட்டை இந்தப் பக்கம் நகர்த்துனா மூணும் சேர்ந்துடுமில்ல?"

சுற்றியிருந்தவர்கள் கல்லை எட்டிப் பார்த்தார்கள். சேரத்தான் செய்யும். அது லெபோனாவுக்கும் அந்த நொடியில்தான் தெரிந்தது. அதற்காக நகர்த்திவிட முடியுமா?

"மாட்டுப் பட்டிக்குள்ள பொம்பளை கால் வைக்கக் கூடாது. உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா?"

"இது கல்லுங்க."

"மாடு!"

"சரி, மாடு. எனக்கும் ஒரு ஆட்டம் சொல்லிக் குடுங்களேன். சாயந்தரம் வீட்டுல சும்மாதானே இருக்கேன்?"

"சும்மா இருந்தா தோட்டத்தைக் கொத்து" என்றார் லெபோனா. எல்லாரும் சிரித்தார்கள். மாபலேசாவும் சிரித்தாள். அவள் சிரித்ததைக் கண்டு அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும். பயப்படாமல் வேறொரு மாட்டை நகர்த்தி, அடுத்தடுத்து இரண்டு மாடுகளைப் பறிகொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சுரங்கத்துல உழைச்ச உடம்பு. இனிமே குனிஞ்சா நிமிர முடியாதுன்னு நினைக்கிறேன்."

ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் லெபோனா பல வருஷம் வேலை பார்த்தது உண்மை. பூமிக்கு அடியில் பாறையை உடைத்த கதைகளை மரத்தடியில் அவர் சொல்லக் கேட்டால் நமக்கே மூச்சு முட்டும். உண்மையில் அவர் பூமிக்கு மேலே விளக்கு அறையில் இருந்தார். இறங்குகிறவனுக்கு விளக்கைக் கொடுப்பார், ஏறி வந்தவனிடம் வாங்கி வைப்பார். உலகத்தில் இது தெரிந்த ஒரே ஜீவன் மாபலேசா.

"பாவம், எத்தனை விளக்கைத் தூக்குன இடுப்பு!" என்றாள் அவள். "வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு மண்வெட்டியை எடுத்துத் தரேன்."

இடுப்பு அன்றைக்கே குணமாகிவிட்டது. குணமான இடுப்போடு படுத்து யோசித்தவருக்கு லெட்செமா ஞாபகம் வந்தது. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டால் எல்லாரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வந்து, பாட்டுப் பாடி, தோட்டத்தை ஒரே காலையில் முடித்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் சாப்பாடும் சோள பீரும் கொடுத்தால் போதும். ஒரே ஒரு சிக்கல். வந்தவன் தோட்டத்துக்கு இவரும் பதிலுக்குப் போக வேண்டும். போகாதவனுக்கு அப்புறம் ஊரில் வணக்கம்கூடக் கிடைக்காது.

சிக்கலை லெபோனா படுத்தபடியே அவிழ்த்தார். தோட்டமே இல்லாதவனைக் கூப்பிட்டால் பதிலுக்கு எங்கே போவது?

"மாபலேசா! நம்ம பெரியவங்க எல்லாத்தையும் லெட்செமா வெச்சுத்தான் செஞ்சாங்க. அந்தப் பழக்கத்தை நாமளே விட்டா எப்படி?"

"அடேயப்பா! யாரைக் கூப்பிடலாம்?"

"நாலே பேர். வாடகை ரூம்ல இருக்கிற ரெண்டு வாத்தியாருங்க, ரொட்டிக் கடை தம்பி, அந்தக் கல்யாணமாகாத தபால்காரன்."

மாபலேசா விரல்விட்டு எண்ணினாள்.

"நாலு பேருக்கும் ஒரு சாண் மண்ணு கெடையாதே?"

"அப்படியா? நான் கவனிக்கலையே."

"உங்க மூளைக்கு ஈடு கெடையாதுங்க" என்றாள் மாபலேசா மனசார. "நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். கூப்பிடறது, பீர் காய்ச்சறது எல்லாம் என் பொறுப்பு."

லெபோனா அன்றைக்கே மொகேத்தியிடம் சவால் விட்டுவிட்டு வந்தார். வரும் சனிக்கிழமை, காலையில், மரத்தடியில். நாலு பேர் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். இவர் இங்கே மொகேத்தியைக் கொத்திக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் வீட்டுப் பானைகள் எல்லாம் நுரைத்தன. நாலு பேருக்கு இத்தனை பானையா என்று லெபோனாவுக்கு ஒரு கேள்வி வந்தது. மிச்சமானால் நமக்குத்தானே என்று பதிலும் வந்தது. கேள்வியை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் புதுக் கம்பளியைப் போர்த்தி, கூம்புத் தொப்பியை மாட்டி, புகையிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்வேலி வழியாக நழுவினார். மரத்தடியில் போய் உட்கார்ந்து பன்னிரண்டு மாடுகளையும் துடைத்து வைத்தார்.

யாரும் வரவில்லை. மொகேத்தி வரவில்லை. வேடிக்கை பார்க்கிற கூட்டம் வரவில்லை. தோற்றவனைக் கேலி செய்வதற்கென்றே தவறாமல் வருகிற கிழவர்கூட வரவில்லை. பீச் பூ உதிர்ந்து கல்லின் மேல் விழுந்தது. லெபோனா அதை ஊதித் தள்ளினார். இன்னொன்று விழுந்தது. அதற்குள் காற்றில் பாட்டுச் சத்தம் வந்தது. நாலு பேர் பாடினால் இப்படிக் கேட்காது. பாட்டு வந்த திசையும் அவருடைய வீட்டுத் திசையாக இருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தார். தோட்டத்தில் தெருவே நின்றது. ஒரே வரிசையாக மண்வெட்டிகள் ஏறி இறங்கின. நடுவில் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் மொகேத்தி.

"டேய், உனக்கு மரத்தடியில என்னோட ஆட்டம்டா!"

"அண்ணே, பீரும் கறியும் இங்க இருக்கு. அங்க வந்து உங்க மாட்டையா கடிக்கச் சொல்றீங்க?" என்றான் மொகேத்தி. "எங்க வீட்டுல மாதூசோதான் போயே ஆகணும்னு மண்வெட்டியைக் கையில குடுத்து அனுப்புனா."

அடுப்படியில் மொகேத்தியின் மனைவி மாதூசோவும் மாபலேசாவும் ஒரே பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் லெபோனாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

"நாலு பேருன்னுதானே சொன்னேன்?" என்று மனைவியின் காதில் சீறினார்.

"அந்த நாலு பேரும் வந்திருக்காங்களே! மத்தவங்க அவங்களா வந்தாங்க. வாசனைக்கு வேலி போட முடியுமாங்க? நீங்க மொதல்ல இதைக் குடிங்க."

லெபோனா குடித்தார். பீர் புளிப்பும் பதமுமாக அருமையாக இருந்தது. இரண்டாவது குவளையில் கோபம் போனது. மூன்றாவதில் தோட்டம் முடிந்துவிட்டது, அடுத்த சனிக்கிழமை நம்முடையதுதான் என்று தோன்றியது. நாலாவதில் மாபலேசா அவர் தோளைத் தொட்டாள்.

"வீட்டுக்காரர் எழுந்து நன்றி சொல்லணும்ல?"

லெபோனாவுக்குப் பேசப் பிடிக்கும். எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"இந்த உதவியை நான் மறப்பேனா? உங்க தோட்டம் என் தோட்டம்! யார் கூப்பிட்டாலும் இந்த லெபோனா வருவான்!"

பெண்கள் குலவையிட்டார்கள். மாபலேசாவின் குலவை எல்லாரையும் விட உயரமாகப் போனது. குலவை அடங்குவதற்குள் மாதூசோ முன்னால் வந்து முட்டியை மடக்கி, ஐயா என்கிற மரியாதையோடு 'ந்தாத்தே' போட்டுப் பேசினாள்.

"அப்படின்னா ந்தாத்தே லெபோனா, கடைசி முறையை எங்களுக்கு வெச்சுக்குங்க. அடுத்த வாரம் தையக்காரம்மா வீடு. அதுக்கப்புறம் எதிர்வீடு."

"அதுக்கு அடுத்து நாங்க, ந்தாத்தே!"

"நாங்களும்!"

வரிசை முன்கூட்டியே பேசி முடித்ததுபோல் கச்சிதமாக வந்தது. லெபோனாவுக்குப் போதை இறங்கியது. மொகேத்தியைப் பார்த்தார். மொகேத்தியின் குவளை பாதி வழியில் நின்றிருந்தது. அவனும் எல்லார் தோட்டத்துக்கும் போக வேண்டும், எல்லாரும் அவன் தோட்டத்துக்கு வர வேண்டும் என்பது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

மாபலேசா அதோடு விடவில்லை.

"எங்க வீட்டுக்காரரைக் கல்லு இருக்கிற பக்கமாப் பார்த்து விடுங்க. சுரங்கத்துல பாறையையே ஒடைச்சவரு. வெறும் மண்ணுன்னா அவருக்குக் கேவலமா இருக்கும்."

லெபோனா வாயைத் திறந்தார். விளக்கு அறை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பாறையிலிருந்து தப்பலாம், மரத்தடியில் இத்தனை வருஷம் சேர்த்த பெயர் போய்விடும். வாயை மூடிக்கொண்டார்.

அந்த வசந்தத்தில் லெபோனா பார்த்த பூவெல்லாம் மண்வெட்டியோடு குனியும்போது தலைகீழாகப் பார்த்த பூதான். தையல்காரம்மாவின் தோட்டத்தில் ஒரு மூலை முழுக்கக் கற்பாறை. "அண்ணனுக்கு வழி விடுங்க!" என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். எதிர்வீட்டில் அதைவிடப் பெரிய பாறை. கை கொப்பளித்தது. இடுப்பு இந்த முறை நிஜமாகவே பிடித்தது. ஒத்தடம் கேட்டதற்கு, "இந்த இடுப்புக்கு ஒத்தடம் பத்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, தானாத்தான் சரியாகும்" என்றாள் மாபலேசா. அவர் அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. அலமாரியில் புகையிலைப் பையைக் காணவில்லை.

"என் மாடெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்கு. நீங்க தோட்டத்தைப் பாருங்க."

இன்னொன்றும் லெபோனா கவனித்தார். எந்த வீட்டு லெட்செமாவாக இருந்தாலும் பெண்கள் காலையிலேயே களியும் கீரையும் சமைத்து மூடி வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். எங்கே என்று கேட்க எவனுக்கும் தெம்பில்லை.

பீச் மரங்களில் பூ போய்ப் பிஞ்சு வந்தது. கடைசியாக மொகேத்தியின் தோட்டம். அன்றைக்கு மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கூடியிருந்தது. மழை வந்தால் மறுநாளிலிருந்து விதைப்பு. இருப்பது இந்த ஒரு பகல்தான்.

"வெரசா முடிப்போம்டா. பொழுது சாயறதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம். அதுக்கப்புறம் செத்தாலும் பரவாயில்ல" என்றார் லெபோனா. சொன்னபோது குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை.

மொகேத்திக்கே மனசு இளகிவிட்டது. எல்லாரும் வெறி பிடித்தவர்கள்போல் கொத்தினார்கள். கடைசி வரப்பு முடிந்ததும் மண்வெட்டிகளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, கழுவாத காலோடு கடைத்தெரு முனைக்கு ஓடினார்கள். வலிக்கிற இடுப்போடு லெபோனாதான் முன்னால் ஓடினார்.

மரத்தடியில் கூட்டம். எல்லாம் பெண்கள். தையல்காரம்மா, எதிர்வீட்டுக்காரி, தெருவே இருந்தது. நடுவில் தட்டைக் கல். ஒரு பக்கம் மாதூசோ கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மிஞ்சியது நாலே மாடு. எதிரே, லெபோனா வழக்கமாக உட்காரும் இடத்தில், லெபோனாவின் கம்பளியை மடித்துப் போட்டு மாபலேசா உட்கார்ந்திருந்தாள். கல்லின் மேல் கறுப்பு மாடுகள் எண்ணெய்ப் பளபளப்போடு நின்றன. பன்னிரண்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

லெபோனா மூச்சு வாங்கியபடி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு ஒரு வழி தெரிந்தது.

"மாபலேசா, அந்த ஓரத்து மாட்டை இந்தப் பக்கம்..."

மாபலேசா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தள்ளி நில்லுங்க, பலேசா அப்பா. வெளிச்சத்தை மறைக்காதீங்க."