பள்ளங்களைக் கூட்டினால் ஒரு மலை

மலைப்பாங்கான இயற்கை வழிகளில், வழிகாட்டியுடன் கூடிய சைக்கிள் சுற்றுலா மாவட்டந்தோறும் நடத்தப்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. புதுக்கோட்டையில் அதை நிறைவேற்றும் பொறுப்பு ஆத்மநாதன் என்ற அதிகாரியின் தலையில் விழுந்தது. கடமையென்றால் உயிரை விடுகிறவர் அவர். ‘எங்கள் பக்கம் மலைக்கு எங்கே போவது’ என்று திருப்பிக் கேட்டு மேலிடத்தைச் சங்கடப்படுத்தவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார்.

ஆலங்குடிப் பக்கம் தென்னையும் முந்திரியும் இருந்தன, மலை இல்லை. கறம்பக்குடியில் சந்தை இருந்தது, மலை இல்லை. அங்கங்கே நின்ற குன்றுகளில் பழைய சிற்பங்கள் இருந்ததால், அங்கே சைக்கிள் என்ன, செருப்பே ஏறக்கூடாது. கடைசியில் இலுப்பூருக்கு அங்கிட்டு, சம்மனசுப்பட்டிக்குப் போகும் சாலையில் ஜீப் திரும்பியது. திரும்பியதும் அவர் தலை கூரையில் முட்டியது. ஊர் போய்ச் சேர்வதற்குள் இடுப்பில் ஒரு வலியும் மனதில் ஒரு யோசனையும் பிறந்துவிட்டன.

மலை என்பது என்ன? ஏற்றமும் இறக்கமும். அவை ஒரே இடத்தில் மொத்தமாக இருந்தாக வேண்டும் என்று உத்தரவில் எங்கும் சொல்லவில்லை. இந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறுகிற உயரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு நல்ல மலை வர வேண்டும். கூட்டிப் பார்த்தார். வந்தது. ‘சம்மனசுப்பட்டி மலைத்தொடர், பகுதி பகுதியாக அமைந்தது’ என்று கோப்பில் ஏற்றிவிட்டார்.

சம்மனசுப்பட்டி மெர்லினுக்கு இந்தச் சாலையோடு பழைய வழக்கு உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது ஊருக்குப் பின்னால் குருசுப்பாறை என்றொரு குன்று நின்றது. அது முறையான அனுமதியோடு ஜல்லியாகி, டிப்பர் லாரியில் ஏறி, இந்த வழியாகத்தான் ஊரைவிட்டுப் போனது. போகிறபோது சாலையையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. அதோடு மினி பஸ்ஸும் நின்றது. இப்போது திருச்சியில் எம்.ஏ. படிக்கிற மெர்லின், பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் மெயின் ரோட்டுக்குப் போய்த்தான் பஸ் பிடிக்கிறாள். அம்மா ரீட்டாவுக்கு முட்டி வைத்தியம் வேறு. கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், போகும்போது ஒரு முட்டி வலிக்கும். வரும்போது இரண்டும் வலிக்கும். ரோடு போட்டால் அன்றைக்கே பஸ்ஸை விடுகிறேன் என்று மினி பஸ்காரர் சொல்லியிருந்தார். ரோடு கேட்டு மெர்லின் போட்ட மனுக்களுக்கு இதுவரை ‘நிதி இல்லை’ என்று பதில் வந்துகொண்டிருந்தது. இப்போது, ‘மலைத்தொடரில் சாலை அமைப்பது இயற்கைக்கு ஊறு விளைவிக்கும்’ என்று வந்தது.

கூடவே சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். தலையில் ஹெல்மெட், தோலோடு தோலாக ஒட்டிய கால்சட்டை, முதுகுப் பையிலிருந்து வாய்க்கு நேராக வரும் தண்ணீர்க் குழாய். முன்னால் போன வழிகாட்டி, “இது தார் கலப்பில்லாத ஆர்கானிக் ரோடு” என்று விளக்கினார். எல்லோரும் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மெர்லின் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர்களை ஒதுக்கி முந்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவர் கேட்டார். “எவ்வளவு நாளா ட்ரெய்னிங் எடுக்குறீங்க?”

“மினி பஸ் நின்னதுலேர்ந்து.”

“கிரேட். பின்னாடி வெயிட்டுக்கு ஆளையே வெச்சிருக்கீங்க.”

“ஏன்டி, யாரைச் சொல்றாரு?” என்றாள் ரீட்டா.

மறுநாளே மெர்லின் ஆத்மநாதன் எதிரில் போய் நின்றாள்.

“சார், அது பள்ளம்.”

“மேலேர்ந்து பாத்தா அப்படித்தாம்மா தெரியும். உள்ள எறங்கிப் பாருங்க, சுத்தியும் மலை.”

“எங்க ஊரு மலையை லாரில ஏத்துனீங்க. அந்த லாரி போட்ட பள்ளத்தை மலைங்குறீங்க.”

“பாத்தீங்களா? எடுத்த மலையை அரசாங்கம் திருப்பிக் குடுத்திருக்கு. வேற எந்த ஊருக்குக் குடுத்துச்சு, சொல்லுங்க.”

ஊர் திரும்பிய மெர்லின் வீடு வீடாக ஏறிச் சண்டை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே திரண்டது. ரோடு காண்ட்ராக்ட் எடுக்கும் அருள்தாஸ் மாமா டிராக்டரைக் கொடுத்தார். கிராவலை அடித்து நிரவி, பொழுது சாய்வதற்குள் பள்ளங்களை மூடிவிட்டார்கள். மினி பஸ்காரர் ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, “நாளையிலேர்ந்து வாரேன்” என்றார்.

பஸ் ஒரு வாரம் ஓடியது. அடுத்த சனிக்கிழமை சைக்கிள்காரர்கள், தங்கள் காலை உணவுக்கான கம்பங்கூழை ஊரார் கரைப்பதற்கு முன்பே ஊருக்குள் வந்து நின்றார்கள். ஏறும் உயரத்தைக் கணக்கிடும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏறிய உயரம் பூஜ்யம். மலையைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள்.

மெர்லின் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. அரசுக்குச் சொந்தமான மலைத்தொடரைச் சமன்செய்து உருத்தெரியாமல் அழித்தது குற்றம். ஒரு மாதத்துக்குள் பழையபடி ஆக்க வேண்டும். அதுவரை அவ்வழியே பேருந்து செல்லக் கூடாது. குருசுப்பாறையை அழித்தவர்களுக்கு யாரும் நோட்டீஸ் விட்டதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

விசாரணைக்கு ஆத்மநாதனே வந்தார். ஊர் கூடியது.

“எனக்கு மட்டும் ஆசையாம்மா?” என்றார். “மேலதிகாரி சைக்கிள் ஓட்ட வர்றாரு. தோண்டிக் குடுத்துருங்க.”

“ரோட்டைத் தோண்டுனா வேற ஆபீஸ்லேர்ந்து கேஸ் போடுவாங்களே,” என்றார் அருள்தாஸ்.

“அதுவும் சரிதான்.” ஆத்மநாதன் நெற்றியைத் தேய்த்தார்.

மெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாங்க எதுக்கு சார் தோண்டணும்? முறையா டெண்டர் விட்டு தார் ரோடு போடுங்க. ரெண்டு மழை பெஞ்சா மலை தன்னால எந்திரிச்சு வரும். கடப்பாறையில தோண்டுன மாதிரி ஒரே அளவா இல்லாம, இயற்கையா வரும்.”

ஊர் சிரித்தது. ஆத்மநாதன் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

“இதுக்கு முன்னுதாரணம் இருக்காம்மா?”

“மாவட்டம் பூரா இருக்கு சார்.”

மலைவளப் புத்தாக்கம் என்ற தலைப்பின்கீழ் நிதி ஒதுக்கப்பட்டது. இத்தனை வருடம் வராத தார் ரோடு ஆவணிக்குள் வந்துவிட்டது. மினி பஸ் ஓடியது. ரீட்டா ஜன்னலோரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெண்டர் எடுத்தவர் அருள்தாஸ்தான். ஜல்லி தெரியாமல் மேலே பேருக்குக் கறுப்புப் பூசியிருந்ததைப் பார்த்துவிட்டு மெர்லின் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம ஊரு ரோடு மாமா. நல்லாப் போட்டா என்ன?”

அருள்தாஸுக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏத்தா, இத்தனை வருசமா ரோடு பேந்தா காண்ட்ராக்டர் திருடன்னீங்க. இப்ப பேரலேன்னாத்தான் நான் திருடன். ஐப்பசிக்குள்ள மலை வரணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். இந்த ஒரு வேலையையாவது நாணயமாச் செய்ய விடு.”

வாதத்தில் மெர்லின் தோற்றதே கிடையாது. யோசித்துப் பார்த்தால் இந்த முறையும் ஜெயித்தவள் அவள்தான்.

இருந்தாலும், தரமான ரோடு கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு அலைந்தாள். ஒருவரும் போடவில்லை. கல்யாணம், காதுகுத்து, வைத்தியம் எல்லாவற்றையும் ஐப்பசிக்கு முன்னால் முடித்துக்கொள்ள ஊர் நாள் குறித்துவிட்டிருந்தது. கடைசியாக அம்மாவிடம் பேனாவை நீட்டினாள்.

“போடி,” என்றாள் ரீட்டா. “கெவர்மெண்டு சொன்ன தேதிக்கு நடக்கப்போறது இந்த ஒரு காரியந்தான். அதையும் போய் ஏன் கெடுக்குறே?”