ஓரத்தில் எழுதிய "பேசுக"

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நலம், அங்கும் நலமே என்று கருதி மேலே தொடர்கிறேன். பொருள்: என் மகள் என்னோடு பேசாதது. பார்வை: பதினொரு நாள் முன்பு அவள் எழுதிய ஒரு தாள்.

சொன்னால் சிரிப்பாய். எழுதிக் கொடுத்தால்தான் எனக்குக் காது கேட்கும் என்று உன் அண்ணி பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அவள், நான் வேலை பார்த்த தலைமைச் செயலகத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகவும், என் சம்மதம் வேண்டும் என்றும் நாலு வரி எழுதி என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள். படித்து முடித்தேன். கை பழக்கதோஷத்தில் ஓரத்தில் "பேசுக" என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, தேதி போட்டு, அவள் மேசைக்கே திருப்பிவிட்டது. செயலகத்தில் அதற்கு அர்த்தம், கோப்போடு நேரில் வாருங்கள், கலந்து பேசலாம் என்பது. நான் காத்திருந்தேன். அவள் வரவே இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் என்னிடம் கேட்கிறாள்.

உன் அண்ணிதான் விஷயத்தை உடைத்தாள். "முப்பத்துநாலு வருஷமா ஆபீஸ்லேர்ந்து வந்து என்ன புலம்புவீங்க? 'பேசுகன்னு போட்டுட்டாரு, அவ்வளவுதான், இனி அந்தக் கோப்பு எழுந்திரிக்காது'ன்னுதானே? அதைக் கேட்டு வளந்த பொண்ணு வேற என்னன்னு நினைப்பா?"

தப்பு என்னுடையதுதான். ஆனால் செயலகத்தின் சரித்திரத்தையும் நீ யோசிக்க வேண்டும். ஆதியில் அது ஆட்சியாளரின் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஓர் எழுத்தர், ஒரு மரப்பெட்டி. அப்புறம் எழுதியதைத் தேட இன்னொருவர், தேடியும் கிடைக்கவில்லை என்று எழுத மூன்றாமவர், இப்படியே ஏழு மாடி எழும்பிவிட்டது. ரோடு போடுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் வெளியே உள்ள துறைகள்; போடலாமா, நடத்தலாமா என்று முடிவெடுப்பதுதான் எங்கள் வேலை. செயல் எல்லாம் வெளியே, அகம் மட்டும் எங்களுக்கு. அந்த முடிவையும் நான் எடுத்ததில்லை. "ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி மேலே அனுப்பியதோடு சரி. "சம்மதம்" என்ற சொல்லை என் பேனா எழுதியதே இல்லையம்மா. பிள்ளை தங்கமானவன். ஒருமுறை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றபோது, "பயப்படாதீங்க சார், பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னை வெளியே எடுத்தவன். எனக்கு ஆட்சேபம் துளியும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவளோ வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, திங்கட்கிழமை கிளம்பப் பெட்டி அடுக்குகிறாள். போனால் மனசு விட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே கடிதம் கண்டதும் நீ புறப்பட்டு வந்து, எனக்குப் பதிலாக அவளிடம் பேசவும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு என் ஆசி, தடங்கலின்றிச் சேர்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
பிரிவு அலுவலர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேற்கண்டவை அனைத்தும் ரத்து. உறையில் உன் முகவரி எழுத மகளிடம் கொடுத்தேன். உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள். "இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா" என்று அழுதாள். நானும்தான். திங்கட்கிழமை அவள் போகவில்லை, அந்தப் பிள்ளை வருகிறான். நீ கல்யாணத்துக்கு வந்தால் போதும். பழைய தாளை அவள் நீட்ட, "பேசுக" என்பதற்குக் கீழே "பேசப்பட்டது" என்று எழுதினேன். அதற்கும் கீழே "சம்மதம்".

"இனி இது மேல யாருக்குப்பா போகணும்?" என்றாள்.

"யாருக்கும் போக வேண்டாம்மா" என்றேன். "என்னோட முடிஞ்சுது."