ஒன்ஸ் மோர் வாத்தியார்

யார் எதைச் செய்தாலும், அது நன்றாக இருந்துவிட்டால், இன்னொரு தடவை செய்ய வைக்காமல் விடாத ஒரு மனிதர் இந்தப் பூமியில் பிறந்திருக்கிறார் என்றால் அது எங்கள் ஒன்ஸ் மோர் வாத்தியார்தான். பாடுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களை எவன் வேண்டுமானாலும் மறுபடி பாடச் சொல்லலாம். இவர் காபி ஆற்றுகிறவரைக்கூட விட்டதில்லை.

யுத்த காலத்தில் ஒருநாள், தலையில் ஓர் ஆர்மோனியமும் கக்கத்தில் ஒரு குடையுமாகக் கீரனூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினார். இறங்கிய கையோடு காபி கிளப்புக்குள் போனார். அங்கே மாஸ்டர், ஒரு வண்டிக்காரருக்காகக் காபியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றிக்கொண்டிருந்தார். வாத்தியார் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டி, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். பாவம், அந்த மாஸ்டரை இருபது வருஷமாக ஒருத்தரும் பாராட்டியதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி ஆற்றினார். மறுபடியும் குரல் வந்தது. மறுபடியும் ஆற்றினார். ஐந்தாவது ஆற்றலில் காபி கிணற்றுத் தண்ணீராய்ச் சில்லிட்டுவிட, வண்டிக்காரர் சாட்டையை எடுத்துவிட்டார். அன்றைக்கு விழுந்த பெயர் அது. சொந்தப் பெயரை அப்புறம் யாரும் கேட்கவே இல்லை.

கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்துக்கு அவரை மெதுவாகப் பந்திப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை நறுவிசாக முடிச்சுப் போட்டு, இவர் ஏதாவது சொல்லிவைத்தால் என்ன ஆவது? துக்க வீட்டுக்கு மட்டும் யாரும் முன்யோசனை செய்யவில்லை. கடைசித் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் தங்கை கருப்பாயி ஒப்பாரி வைத்தாள். கேட்ட கல்லும் கரைந்திருக்கும், அப்படி ஒரு குரல். வாத்தியார் தன்னை மறந்தார். "ஒன்ஸ் மோர்!"

பந்தலே விறைத்துப் போயிற்று. நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். கருப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த அடிங்க? மொத அடியா, ரெண்டாவதா?"

மறுபடி பாடினாள். எழுந்த நாலு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். பெரியவர் உயிரோடிருந்த காலத்தில் அவருக்காக யாரும் அப்படி அழுததாக எனக்கு நினைவில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் எங்களுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லிக் கொடுத்தார். நெல் மண்டிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கொட்டகையில், பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பு. இருபத்து மூன்று பிள்ளைகள். வந்த யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார். குரல் இல்லாதவன் சிப்பாய். குரலும் இல்லை, ஞாபகமும் இல்லை என்றால் மரம். எங்கள் செல்லையாவுக்கு இரண்டும் இல்லை, சும்மா நிற்கவும் வராது. அவனை மலை ஆக்கினார். பழுப்புச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகையில் அவன் ஆத்தா வாசலில் நின்று கூப்பிட்டால் மலை எழுந்து, "இந்தா வாரேன்" என்று போய்விடும்.

கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்தான். ஒன்ஸ் மோர் கேட்டால் செய்தே தீர வேண்டும். "அது கும்புடு மாதிரிடா. ஒருத்தர் கும்புட்டா பதிலுக்குக் கும்புடாம போவியா? செத்துக் கெடந்தாலும் எந்திரிச்சுச் செஞ்சுட்டு, அப்பறம் சாவு" என்பார். சொன்னபடி நடக்கவும் வைத்தார். சிப்பாய் வேஷக்காரன் ஒருவன் பிரமாதமாகச் செத்தான். அவனை ஏழு தடவை சாகவைத்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டு பையன் வீட்டுக்குப் போக, மறுநாள் அவன் அப்பா சண்டைக்கு வந்தார். என் மகன் ஏழு வாட்டி செத்தானாமே, இது என்ன நியாயம் என்று கேட்டார். வாத்தியார் எழுந்து நின்று மரியாதையாக, ஏழாவதுதாங்க ரொம்ப நல்லா இருந்துச்சு என்றார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பெருமையாகத்தான் திரும்பிப் போனார்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குப் புரியாது. அவர் பாட மாட்டார். மெட்டை ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார், வார்த்தையைப் பேச்சாகச் சொல்வார். வாயைத் திறந்து ஓர் அடி பாடியதில்லை. நீங்க பாடுங்க என்று கேட்டால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தக் கொட்டகையின் ராணி நான். வேஷத்தைச் சொல்கிறேன். வாத்தியாரே கட்டிய நாடகம் அது. காட்டில் ராஜா தொலைந்துபோவார், ராணி மூன்று நாள் தேடி அலைவாள். எனக்கு ஐந்து கட்டைக் குரல். ஆர்மோனியத்தின் மேல் ஓரத்துக் கட்டையை அழுத்தினால் நான் அதற்கும் மேலே நிற்பேன். அதனால் எனக்கு மண்டைக்கனம் எத்தனை கட்டை என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். செல்லையாவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் மலை, அங்கிட்டுத் தள்ளு" என்றுதான் சொல்வேன்.

நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு காலை ஆத்தாவிடம் பழைய சோறு கேட்டேன். பாதி வார்த்தை என் குரலில் வந்தது, பாதி யாரோ ஓர் ஆம்பளை குரலில் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மகரக்கட்டு. பையன்களுக்குக் குரல் உடைகிற பருவம். நாடகக் கம்பெனிகளில் குரல் உடைந்த பையனை மூட்டையோடு ஊருக்கு ரயிலேற்றி விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ராணி வேஷம் போனால் எனக்கு மிஞ்சுவது என்ன? மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. பனங்கற்கண்டு தின்றேன், மிளகைக் கடித்தேன், பச்சை முட்டையை விழுங்கிக் குமட்டினேன். வீட்டில் பேச்சை நிறுத்தினேன். பிள்ளைக்குக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று ஆத்தா அன்னவாசல்வரை நடத்திப் போய் வேப்பிலை அடித்துக் கூட்டிவந்தாள். ஒத்திகையில் தொண்டைக் கட்டு என்று சொல்லி முணுமுணுத்து ஒப்பேற்றினேன். வாத்தியார் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, விளக்குக்கு வழியில்லை. அதனால் நாடகம் பிற்பகல் மூன்று மணிக்கு. நல்ல வெயிலில் ராணி நிலாவைப் பார்த்துப் பாட வேண்டும். ஊரே வந்திருந்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஆத்தா. தன் கண்டாங்கிச் சேலையைத்தான் எனக்குக் கட்டிவிட்டிருந்தாள். பாட்டு மேலே ஏற ஏற என் குரலும் ஏறியது. அட, சமாளித்துவிட்டோமே என்று நினைத்தேன். உச்சியில் ராஜாவைக் கூப்பிடும் இடம். வாயைத் திறந்தேன். எருமைக்கன்று கத்தியது.

முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் பத்து. அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஆத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நின்ற இடம் அப்படியே பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. மேடையைவிட்டுக் குதித்து ஓட, சேலையைத் தூக்கிப் பிடித்தேன்.

ஆர்மோனியம் நின்றது. வாசிக்கும்போது எழவே எழாத வாத்தியார் எழுந்து நின்றார்.

"ஒன்ஸ் மோர்!"

சிரிப்பு பாதியில் தடுமாறியது. கேலி பண்ணுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். காபி மாஸ்டரைப் பார்த்த அதே முகம், கருப்பாயியைப் பார்த்த அதே முகம். நான் அசையவில்லை. அப்போது எனக்குப் பின்னால் சாக்குக்குள்ளிருந்து மலை பேசியது. "ஒன்ஸ் மோர்!" அடுத்து மரங்கள் கத்தின. செத்துக்கிடந்த சிப்பாய் தலையைத் தூக்கிக் கத்தினான். இருபத்திரண்டு பேரும் கத்தினார்கள். சட்டம் சட்டம்தானே. சேலையைக் கீழே விட்டேன்.

வாத்தியார் உட்கார்ந்தார். அவர் விரல்கள் ஆர்மோனியத்தில் கீழே கீழே இறங்கிவந்து ஒன்றரைக் கட்டையில் நின்றன. எனக்குத் தைரியம் வரவில்லை என்று பார்த்து, அவரே முதல் அடியை எடுத்தார். அன்றைக்குத்தான் அவர் பாடிக் கேட்டோம். கரகரவென்று, நடுவில் விரிசல் விட்ட குரல். அதன் மேல் ஏறிக்கொண்டு நானும் பாடினேன். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி பக்கத்து ஆளிடம் சொன்னது மேடைவரைக்கும் கேட்டது. "மூணு நாளா காட்டுல கத்தித் தேடுறவளுக்குத் தொண்டை கம்மாம இருக்குமா? இதுதாம்ப்பா சரி."

அப்புறம் ஊரே ஒன்ஸ் மோர் கேட்டது. நாலு தடவை பாடினேன். ஆத்தா முந்தானையை எடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பெருமையாகப் பார்த்தாள்.

வேஷம் கலைக்கும்போது, ஏன் வாத்தியாரே நீங்க இத்தனை நாளாப் பாடல என்று கேட்டேன். பவுடரைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒன் வயசுல மேடையிலதான் ஒடைஞ்சுச்சு. அன்னைக்கு ஒருத்தரும் ஒன்ஸ் மோர் கேக்கல. கேட்டிருந்தா பாடியிருப்பேன்."

வெளியே வந்து செல்லையாவை முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

அடுத்த வருஷம் மீமிசல் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர அவரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கடற்கரைப் பிள்ளைகள் எந்த நாளில் மேடை பார்த்தார்கள் என்று கிளம்பிவிட்டார். பெட்ரோல் இல்லாத காலம், கரி பஸ். பின்னால் கரி அடுப்பை மூட்டி, காற்றூதும் சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால்தான் கிளம்பும். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு, குடையால் எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, வலது காலை வைத்து ஏறினார். புதிதாக வந்த ஆம்பளைக் குரலில் கத்தினேன்.

"ஒன்ஸ் மோர்!"

மனிதர் உடனே இறங்கிவிட்டார். ஆர்மோனியத்தைத் தூக்கினார், குடையால் கும்பிட்டார், வலது காலை வைத்து ஏறினார். முந்தினதைவிட நன்றாகவே ஏறினார். இருபத்து மூன்று பேரும் மறுபடி கத்தினோம். மறுபடி இறங்கி ஏறினார். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் இறங்கி ஏறினார்.

நான்காவது தடவை கத்தும்போது பஸ் கிளம்பிவிட்டது. அந்த இரைச்சலில் எங்கள் சத்தம் அவர் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தால் இறங்கியிருப்பார்.