பாட்டுக்குள் இருந்த உயிர்

"ஐயையோ, அந்த ஃபைலையா அனுப்பிட்டேன்?" பாட்டுக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஒரு தொலைக்காட்சித் தொடரின் அழுகைக் காட்சிக்குப் பாட்டு கேட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு வேண்டாமாம். யாரோ ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பாடி வைத்த பாட்டுதான் இப்போது எடுபடுகிறதாம். அறைக்குள் உட்கார்ந்து பாடிப் பாடியே வீட்டோடு மாப்பிள்ளையாகக் காலத்தை ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? ஆனால் அவசரத்தில், பக்கத்து அறையில் மாமனார் இருமிக்கொண்டிருந்தபோது எடுத்த ஒத்திகைப் பதிவை அனுப்பித் தொலைத்துவிட்டான்.

இந்தப் பாட்டும் விலைபோகாவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமனாரின் பெயிண்ட் கடையில் உட்காருவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பால் வெள்ளைக்கும் முட்டை வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று ஆயுள் முழுக்க விளக்குவதை நினைத்ததும் கிடாரை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

கைப்பேசி அடித்தது. உதவி இயக்குநர்.

"சார், டைரக்டர் கேட்டுட்டு அழுதுட்டாரு. பாட்டுல ஏதோ ஒரு உயிர் இருக்காம்."

பாட்டுக்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருமலோடு கேட்டதற்கே அழுகை என்றால், இருமல் இல்லாமல் கேட்டால் என்ன ஆவார்?

"அது சும்மா ட்ரையல்ங்க. இன்னொண்ணு அனுப்பறேன், பாருங்க."

வைத்திருந்த சுத்தமான பதிவை அனுப்பினான். உடனே பதில் வந்தது.

"உயிர் போயிடுச்சு சார்."

உயிர் தன் தொண்டையில்தான் எங்கோ மாட்டியிருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. புதிதாகப் பாடிவிடலாம் என்று மைக்கை எடுத்து முன்னால் வைத்தான். பக்கத்து அறையில் இருமல்.

"மாமா, கொஞ்ச நேரம் மொட்டை மாடில காத்தாட உட்காருங்களேன்."

"சரிங்க மாப்பிள்ளை." அவர் போனார். மாடிக் காற்று நெஞ்சில் ஏறி, முன்னைவிடப் பலமாக இருமிக்கொண்டு இறங்கி வந்தார். குளியலறையில் உட்காரவைத்தான். அங்கே இருமல் எதிரொலியோடு வந்தது.

"எங்கப்பாவ ஏன் இப்படிப் பந்தாடறீங்க?" மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இது நம்ம வாழ்க்கைப் பிரச்சினை. உனக்குப் புரியாது."

"புரியுது. திங்கக்கிழமை எனக்கும் ஞாபகம் இருக்கு."

சோகம் கூடட்டும் என்று ஐஸ் தண்ணீராகக் குடித்தான். சோகம் வரவில்லை, குரல்தான் கட்டிக்கொண்டது. மறுபடியும் கைப்பேசி.

"சார், முதல்ல அனுப்பினதையே எடுத்துக்கறோம். ஆனா வரிகள் வசனத்த அமுக்குது. எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க." கட்டைக் குரலில் சொன்னான். வரிகள் போனால் என்ன, ராகம் இருக்கிறதே.

சற்று நேரத்தில், "கிடார் கொஞ்சம் உறுத்துது சார்."

"எடுங்க." நகத்தைக் கடித்துக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான்.

"உங்க முனகலும்…"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வெள்ளை வெள்ளையாக டப்பாக்கள் கண்முன் வந்து நின்றன. "சரி, அதையும் எடுத்துடுங்க. மிச்சம் ஏதாவது இருக்கா?"

"மிச்சம் இருக்கறதுதான் சார் பிரமாதம்."

என் மூச்சுக்காற்றைச் சொல்கிறார்கள் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

ஒளிபரப்பு நாள் வந்தது. மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் நல்ல நேரத்தைக் கெடுக்கக் கூடாதென்று மாமனார் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டார். பாட்டுக்காரன் உட்காரவே இல்லை.

திரையில் மகன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். இருட்டறையில் ஒரு கிழவர் தனியாக நின்றார். பாட்டு வரவில்லை. லொக், லொக் என்று இருமல் மட்டும் கேட்டது.

"மாமா, இப்பவாவது அடக்கிக்கக் கூடாதா?" பல்லைக் கடித்தான்.

மாமனார் துண்டை விலக்கினார். "நான் இருமவே இல்லையே மாப்பிள்ளை."

விளம்பரம் வந்துவிட்டது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க பாட்டு எப்பங்க வரும்?" என்றாள்.

கைப்பேசி அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"சார், இங்க அழாத ஆள் இல்ல. தொடர் முழுக்க இதையே வெச்சுக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை ரெக்கார்டிங்."

"வந்துடறேங்க," என்றான் பாட்டுக்காரன்.

"நீங்க வேண்டாம் சார். உங்க பாட்டுக்குப் பின்னால ஒருத்தர் இருமினாரே, அவர் கால்ஷீட் கிடைக்குமா?"

மாமனார் மெல்ல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வரேன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. திங்கக்கிழமை கடையத் திறக்கத்தான் நீங்க இருக்கீங்களே."