எதுக்கும் ஒரு நகல் கெடக்கட்டும்

தாளைக் கிழித்துப் போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் இருவரோடும் சேராத இன்னொரு இனம் உண்டு. அதற்கு நகல் பாதுகாவலர்கள் என்று பெயர் வைக்கலாம். எந்தத் தேசத்து அலுவலகத்திலும் தென்படுகிற இனம்தான் என்றாலும், ஒரகடம் சாலையின் இருபுறமும் வரிசையாக நிற்கிற தொழிற்சாலைகளில் இவர்கள் தனிச் செழிப்போடு வளர்கிறார்கள்.

தளவாய் சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கார்க் கதவுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவுக்கு மேலாளர். பத்து வருடத்துக்கு முந்தைய கேன்டீன் பட்டியல், வேலையை விட்டுப் போனவர்களின் லீவு லெட்டர், 'தாளைச் சேமிக்க இதை அச்சிட வேண்டாம்' என்று அடியில் எழுதியிருந்த மின்னஞ்சலின் மூன்று பிரதிகள் எல்லாம் அவருடைய பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. ஏன் சார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எதுக்கும் ஒரு காப்பி கெடக்கட்டும்."

இவரை மேய்க்கிற வேலை பெனிட்டாவுடையது. அந்தக் கம்பெனிக்கு அவள் ஒருத்திதான் வக்கீல். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிறவள். காலம் கடந்த ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்று போன வருடம் அவள் ஒரு விதி போட்டாள். முதலில் கீழ்ப்படிந்தவர் யார்? தளவாய்தான்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு வக்கீலம்மா."

"அப்புறம் ஏன் சார் பீரோ மூடவே மாட்டேங்குது?"

"அது அழிச்சதோட காப்பில்லா!"

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சென்ற மாதம் பிரஸ் லைனில் இயந்திரம் ஓட்டுகிற கிளியம்மாளுக்கு இரண்டு விரல் நுனி போனது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று சூப்பர்வைசர் எழுதி வைத்தார். கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு சென்சார் உண்டு. அன்று காலை அதைச் சோதித்தீர்களா, அதற்கான செக் ஷீட் எங்கே என்று தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். யாரும் எதையும் அழிக்கக் கூடாது என்று பெனிட்டா உடனே சுற்றறிக்கை விட்டாள். தளவாய்க்கு அன்றுதான் தீபாவளி.

கையில் கட்டோடு கிளியம்மாள் வந்து நின்றாள்.

"காலைலயே சொன்னேன் மேடம், சென்சார் லைட்டு எரியலன்னு. ஓட்டிக்கினு இரு, மத்தியானம் பாக்கலாம்னாங்க. இப்ப நான்தான் கவனமா இல்லன்னு எழுதிக்கீறாங்க. இது இன்னா நியாயம்?"

அவள் போனதும் தளவாய் ஒரு ஃபைலைச் சுமந்துகொண்டு வந்தார். ஒரே நாளுக்கு ஆறு செக் ஷீட். ஐந்தில் எல்லாக் கட்டத்திலும் முத்து முத்தாக டிக். ஆறாவது கிரீஸ் கறை படிந்தது, சென்சார் கட்டம் காலி. வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருகிறார் என்றால் காலிக் கட்டங்களை நிரப்பிப் புதுத் தாளில் எழுதுவது அந்தப் பக்கத்து வழக்கம். பொய் என்று யாரும் நினைப்பதில்லை, போட்டோவுக்கு முன் தலை சீவிக்கொள்வது மாதிரி. சீவியதும் பழைய தாளைக் கிழித்துவிடுவார்கள். நம் ஆளால் முடியுமா?

"சார், இதுல எது நெசம்?"

"எல்லாம் நெசந்தாம்மா. இது அன்னைக்குக் காலைல எழுதுனது. இதெல்லாம்... அழகா எழுதுனது."

"காலைல எழுதுனதுல டிக் இல்லையே?"

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு, அவருடைய முப்பது வருட உத்தியோகத்தில் அதுவரை வாயிலிருந்து வராத ஒரு வாக்கியம் வந்தது.

"இத வேணும்னா தூரப் போட்ருவோமா?"

"சுற்றறிக்கையைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். மூணு காப்பி எடுத்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தளவாய் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானம் பாக்கலாம்னு அந்தப் பிள்ளைட்ட சொன்னது நாந்தாம்மா. இதக் குடுத்தா என்ன ஆவும்?"

"கிளியம்மாள் மேல பழி நிக்காது. கேள்வியெல்லாம் நம்ம பக்கம் திரும்பும். உங்க பக்கமும்தான்."

அவர் அந்தக் கறைத் தாளை நீவி நீவி நேராக்கினார். பிறகு ஆறையும் சேர்த்து அவள் பக்கம் தள்ளினார்.

"எல்லாத்தையும் அனுப்புங்க."

அனுப்பினாள். நிர்வாகம் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தளவாய்க்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. சூப்பர்வைசர் எழுதிய 'கவனக்குறைவு' என்ற வரி அடித்து நீக்கப்பட்டது.

சிரிக்கிறீர்களே, உங்கள் போனைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். எத்தனை ஸ்கிரீன்ஷாட், எத்தனை 'ஃபைனல்', அதற்கு மேல் எத்தனை 'புது ஃபைனல்'? இருக்கட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. யாரோ ஒருத்தர் கையில் கட்டோடு வந்து நின்று, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறபோது உங்கள் விரல் முதலில் எதைத் தொடும்? அழகாக எழுதியதைத்தானே?